கும்பகோணம் வாசலிலிருந்து டொராண்டோ வாசல் வரை: தூரமும் நேரமும் கணக்குப் போடும் முறை

எங்கள் தெருவில் யாராவது கனடாவுக்குக் கிளம்பினால் டிக்கெட் பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். 31 வருடம் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மகள் டொராண்டோவில் இருக்கிறாள். நானும் என் வீட்டுக்காரரும் இதுவரை ஐந்து முறை போய்வந்துவிட்டோம். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "டீச்சர், எத்தனை மணி நேரம் ஆகும்?"

அதற்கு மூன்று பதில் இருக்கிறது. வானத்தில் இருக்கும் நேரம் ஒன்று. சென்னை விமான நிலையத்திலிருந்து டொராண்டோ விமான நிலையம் வரை ஆகும் நேரம் ஒன்று. நம் வீட்டு வாசற்படியிலிருந்து அவர்கள் வீட்டு வாசற்படி வரை ஆகும் நேரம் ஒன்று. கூகுளில் தேடினால் முதல் பதில்தான் பெரிய எழுத்தில் வரும். வயதானவர்களை அனுப்புகிற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "பதினெட்டு மணி நேரம்தானே அம்மா" என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவது பதிலைத் தெரிந்துகொண்டு கிளம்பினால்தான் சாப்பாடு, மாத்திரை, தூக்கம், தூக்கிப் போகிற பை எல்லாவற்றையும் சரியாகத் திட்டமிட முடியும். அதை எப்படிக் கணக்குப் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் தூரம். ஒரு உலக உருண்டையும் பூக்கட்டும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு உருண்டையின் குறுக்களவு 30 செ.மீ. அப்படியென்றால் அதன் சுற்றளவு 94 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே உருண்டையில் ஒரு செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. இப்போது நூலின் ஒரு முனையைக் கட்டை விரலால் சென்னையின் மேல் அழுத்திக்கொண்டு, மறுமுனையை டொராண்டோவுக்கு இழுத்து நன்றாக இறுக்கிப் பிடியுங்கள். தொய்வாக இருக்கும்வரை நூல் அங்கே இங்கே நகரும். இறுக்க இறுக்க அது வடக்கே ஏறிப் போய் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதுதான் மிகக் குறுகிய பாதை. பாடத்தில் பெருவட்டம் என்று சொல்வோம். நூலை எடுத்து ஸ்கேலில் வையுங்கள். 31.5 செ.மீ. இருக்கும். 425-ஆல் பெருக்கினால் 13,390 கி.மீ. பக்கம் வரும்.

அந்த நூல் எங்கெங்கே போகிறது என்று ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து நேர் வடக்குக்குச் சற்று மேற்கே சாய்ந்து கிளம்புகிறது. ராஜஸ்தான், இஸ்லாமாபாத் பக்கம், தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலை ஓரம், நார்வேயின் வடகோடி, அப்புறம் கிரீன்லாந்தின் பனிக்கட்டியைக் குறுக்கே கடந்து, கியூபெக் வழியாக டொராண்டோவில் இறங்குகிறது. என் பேரனுக்கு இதைச் செய்து காட்டியபோது அவன் நம்பவே இல்லை. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைக் காட்டி, "பாட்டி, நேராகப் போனால் அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் தானே வருகிறது?" என்றான். கேள்வி சரியானதுதான். ஆனால் அந்த நேர்கோட்டைப் பிடித்துப் போனால் 2,000 கி.மீ.க்கு மேல் கூடுதல். உருண்டையைத் தட்டையாக விரித்ததில் வந்த குழப்பம் அது. நூலை அவன் கையிலேயே கொடுத்து இரண்டு வழியையும் அளக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை அளந்த பிறகு ஒன்றும் பேசாமல் கிரீன்லாந்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நூல் வேண்டாம், கணக்காகவே வேண்டும் என்கிறவர்களுக்கு: சென்னை வடக்கு அட்சம் 13, கிழக்குத் தீர்க்கம் 80.2. டொராண்டோ வடக்கு அட்சம் 43.7, மேற்குத் தீர்க்கம் 79.6. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கங்களைக் கூட்ட வேண்டும்: 159.8. இரண்டு அட்சங்களின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.155. இரண்டு அட்சங்களின் கொசைன் மதிப்புகளையும் 159.8-இன் கொசைனையும் சேர்த்துப் பெருக்கினால் மைனஸ் 0.661. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.506. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கேட்டால் போன் கால்குலேட்டர் 120.4 பாகை என்று சொல்லும். ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வைத்துப் பெருக்குங்கள். நூல் சொன்ன அதே விடை.

இது வெறும் பாடப்புத்தகச் சங்கதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் வருட விதி ஒன்று, அங்கிருந்து புறப்படும் விமானம் ரத்தானாலோ நெடுநேரம் தாமதமானாலோ பயணிக்குத் தரவேண்டிய நஷ்டஈட்டைத் தூரத்தை வைத்துத்தான் நிர்ணயிக்கிறது. அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. 3,500 கி.மீ.க்கு மேல் என்றால் 600 யூரோ வரை. ஐரோப்பா வழியாகப் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

சரி, சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேர் விமானம் கிடையாது. எங்கேயாவது இறங்கி ஏறியாக வேண்டும். பலர் நினைப்பதுபோல அதனால் தூரம் மிகவும் கூடிவிடுவதில்லை. ஃபிராங்பர்ட் வழியாகப் போனால் 7,590-ம் 6,340-ம் சேர்ந்து 13,930 கி.மீ. லண்டன் வழியாகவும் கிட்டத்தட்ட அதேதான். துபாய் வழியாக 2,930-ம் 11,080-ம் சேர்ந்து 14,010. தோஹா வழியாக 14,160. எனக்கு மிகவும் பிடித்தது டெல்லி வழி: 1,760-ம் 11,640-ம் சேர்ந்து 13,400. நேராகப் போவதற்கும் இதற்கும் பத்துப் பதினைந்து கி.மீ.தான் வித்தியாசம். நாம் இழுத்துப் பிடித்த நூலுக்கு வெகு பக்கத்தில் டெல்லி இருப்பதுதான் காரணம்.

ஆனால் நூல் போகிற வழியில் விமானம் போக வேண்டுமே. 2022 பிப்ரவரி கடைசியில் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்கு வான்வெளியை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஆக, டெல்லியிலிருந்து கிளம்பும் இந்திய விமானத்துக்கு ஒரு பக்கம் சுற்று, கனடா விமானத்துக்கு இன்னொரு பக்கம் சுற்று. காகிதத்தில் மிகக் குறைந்த தூரமாக இருப்பது நேரத்தில் அப்படி இருப்பதில்லை. இந்தத் தடைகள் வரும், போகும். அதனால் இணையத்தில் காட்டும் தூரத்தை வைத்து முடிவெடுக்காமல், நீங்கள் பயணம் போகும் தேதிக்கு டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் பாருங்கள்.

தூரத்தை நேரமாக்க நான் வைத்திருக்கும் வழி இது: கி.மீ.யை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். பெரிய விமானம் உயரத்தில் 900 கி.மீ. வேகத்தில் போகும் என்றாலும், ஏறுவதும் இறங்குவதும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் நேரத்தைத் தின்னும். டிக்கெட்டில் உள்ள நேரம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் கேட்டில் நிற்பது வரைக்கும். துபாய்–டொராண்டோவுக்கு இந்தக் கணக்கில் பதின்மூன்றரை மணி வரும். டிக்கெட்டில் பதினான்குக்குப் பக்கமாக இருக்கும். சென்னை–ஃபிராங்பர்ட்டுக்கு ஒன்பதரை வரும். சுற்று வழியால் பத்து மணி ஆகும். அரை மணி முன்னே பின்னே இருந்தாலும் கணக்கு கைகொடுக்கும்.

போகும்போது அதிக நேரம், வரும்போது குறைந்த நேரம். இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், "பூமி சுற்றுகிறது, அதனால்தான்" என்பது. இல்லை. பூமியோடு சேர்ந்து காற்றுமண்டலமும் சுற்றுகிறது. உண்மையான காரணம், விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறுபோல ஓடும் பலத்த காற்று. ஜெட் காற்று என்பார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம். டொராண்டோ போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. என் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் போகும்போது வேகம் 810 என்று இருந்தது. அதே அட்லாண்டிக்கின் மேல் திரும்பி வரும்போது 1,040. அதனால் ஃபிராங்பர்ட்–டொராண்டோ எட்டரை மணி என்றால், டொராண்டோ–ஃபிராங்பர்ட் ஏழேகால், ஏழரை மணிதான். போவதற்கான நேரத்தை இரண்டால் பெருக்கி மொத்தப் பயணம் என்று கணக்குப் போடாதீர்கள்.

(பகல் விமானமானால் ஜன்னல் இருக்கை கேளுங்கள். ஒரு மே மாதம் லாப்ரடார் கடற்கரைக்கு மேலே வந்தபோது கீழே கடல் முழுக்க உடைந்த பனிப்பலகைகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிய நீலக் கோடு. அத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.)

அடுத்து கடிகாரம். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். உதாரணத்துக்கு ஜூன் மாத டிக்கெட் ஒன்று: சென்னையில் புதன் 1.50-க்குக் கிளம்பி ஃபிராங்பர்ட்டில் காலை 8.20-க்கு இறக்கம். அங்கே மதியம் 1.20-க்கு ஏற்றம். டொராண்டோவில் பிற்பகல் 3.50-க்கு இறக்கம். பார்த்தால் 1.50-லிருந்து 3.50, பதினான்கு மணி நேரம் மாதிரித் தெரியும். கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி பின்னால் இருக்கிறது. மேற்கே போகும்போது அதைக் கூட்ட வேண்டும். 14-ம் 9½-ம் சேர்ந்து இருபத்து மூன்றரை மணி. பிரித்துப் பார்த்தாலும் சரியாக வரும்: முதல் விமானம் 10, காத்திருப்பு 5, இரண்டாவது விமானம் 8½. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் உங்கள் கணக்கு சரி. வராவிட்டால் எங்கேயோ தேதியைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

குளிர்காலத்தில் ஒன்பதரை பத்தரையாகிவிடும். டொராண்டோவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். துபாயில் இந்த வழக்கமே இல்லை. மார்ச் நடுவிலும், அக்டோபர் கடைசி ஞாயிறு முடிந்த அடுத்த வாரமும் பயணம் என்றால், போன தடவை டிக்கெட்டைப் பார்த்து நேரத்தை எழுதாமல் புதிதாகப் பாருங்கள்.

தேதி விஷயத்தில் எங்கள் பக்கத்துத் தெருத் தம்பதிக்கு நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். டிக்கெட்டில் புதன், 1.50. அவர்கள் புதன்கிழமை சாயங்காலம் கும்பகோணத்திலிருந்து காரில் கிளம்பத் தயாராக இருந்தார்கள். பேத்திக்கு முறுக்கு சுட்டு, ஊறுகாய் கட்டி, சாமிக்கு விளக்கேற்றி, சொல்லிக்கொண்டு போக என் வீட்டுக்கு வந்தார்கள். பேப்பரை வாங்கிப் பார்த்த எனக்கு நெஞ்சு திக்கென்றது. விமானம் அன்று விடியற்காலையிலேயே போய்விட்டது. அந்த அம்மா திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் மேல் தப்பே இல்லை. நமக்கு ஒரு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடிவது. பஞ்சாங்கமும் அப்படித்தான் சொல்கிறது. பின்னிரவு 1.50 என்றால் நம் பேச்சில் அது செவ்வாய் ராத்திரி. விமானக் கம்பெனிக்கு நள்ளிரவு 12 அடித்ததும் புதன் பிறந்துவிடுகிறது. இங்கிருந்து போகும் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. ஆகவே டிக்கெட் வந்ததும் நான் செய்வது, அதன் மேல் பேனாவால் பெரிதாக எழுதுவதுதான்: "செவ்வாய் மத்தியானம் 3 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்."

ஏன் 3 மணி? கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கத்துக்குக் காரில் ஆறு மணி நேரம். நடுவில் சாப்பிட, கால் நீட்ட ஒரு மணி. இரவு 10 மணிக்குப் போய்ச் சேரலாம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். வழியில் டயர் பஞ்சரானால் ஈடுகட்டக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஆக ஏறுவதற்கு முன்பே 10 மணி 50 நிமிடம் கழிந்துவிடுகிறது. பிறகு 23½ மணி. டொராண்டோவில் இறங்கி இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வருவது, மாப்பிள்ளை காரில் வீடு போவது எல்லாம் சேர்த்து இரண்டரை மணி. மொத்தம் 36 மணி 50 நிமிடம். வானத்தில் இருந்தது இதில் ஏறக்குறையப் பாதி. பிள்ளைகள் சொன்ன பதினெட்டும் அதுதான்.

இந்த முப்பத்தேழு மணியைக் கையில் வைத்துக்கொண்டு மாத்திரை டப்பாவைத் திறங்கள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு. அவருடைய பழைய ஹெச்.எம்.டி. கைக்கடிகாரத்தைப் பயணம் முடியும்வரை இந்திய நேரத்திலேயே விட்டுவிடுவோம். என் கடிகாரத்தை மட்டும் ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்வேன். மேலே சொன்ன டிக்கெட்டில் புதன் காலை எட்டு முதல் விமானத்தில் வருகிறது; இரவு எட்டு இரண்டாவது விமானம் கிளம்பிய மூன்று மணி நேரம் கழித்து வருகிறது. இரண்டும் வானத்தில். ஆகவே மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் தொலைந்தோம். இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் இந்த நேரக் கணக்கைக் காட்டி, எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காத்திருப்பு ஐந்து மணி நேரம் எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் முதல் பயணத்தில் ஊரில் ஒரு ஏஜென்ட், மலிவாக வருகிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டுக் கொடுத்தார். நடுவில் 1 மணி 50 நிமிடம். முதல் விமானம் ஒரு மணி தாமதமானது. என் வீட்டுக்காரர் முட்டிவலியோடு ஓடி ஓடி நடந்து, கேட்டை அடைந்தபோது கதவு மூடியிருந்தது. டிக்கெட் தனித்தனி என்பதால் யாரும் பொறுப்பேற்கவில்லை. மகள் நடு ராத்திரியில் புது டிக்கெட் வாங்கினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் இதுதான்: இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், வேறொன்றில் ஏற்றிவிடுவது விமானக் கம்பெனியின் கடமையாகும். இளவயதுக்காரர்களுக்கு இரண்டரை மணி இடைவெளி போதும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூன்றுக்குக் குறையக் கூடாது. நான்கு, ஐந்து இருந்தால் நிம்மதியாக முகம் கழுவி, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். டிரான்சிட் விசா தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அது நாட்டுக்கு நாடு மாறும்.

திரும்பி வருவதற்குக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். வியாழன் மாலை 6 மணிக்கு டொராண்டோவில் கிளம்பி, வெள்ளி இரவு 11.15-க்குச் சென்னை என்று டிக்கெட் சொன்னால், 29 மணி 15 நிமிடம் என்று பயப்பட வேண்டாம். ஒன்பதரையைக் கழியுங்கள்: 19 மணி 45 நிமிடம். பின்காற்றின் புண்ணியம் அதில் இருக்கிறது.

பெட்டி எடுத்து வெளியே வர நள்ளிரவு தாண்டி 12.30 ஆகிவிடும். கார்க்காரரிடம் "வெள்ளி பன்னிரண்டரை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் மத்தியானமே வந்து நிற்பார். "சனிக்கிழமை பன்னிரண்டரை" என்றாலும் ஒரு நாள் தள்ளி வருவார். "வெள்ளி ராத்திரி பத்து மணிக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் வந்து நில்லுங்கள் தம்பி, நாங்கள் விடியற்காலை கும்பகோணத்தில் காபி குடிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். சரியாக வந்துவிடுவார்.